காகத்துக்குத் தோட்டா தேடுவது வீண் வேலை

நிலக்கடலை விதைத்த மறுநாள் காலையில் வயலுக்குப் போகும் விவசாயியை வரவேற்பது பெரும்பாலும் காகம்தான். விதை விழுந்த வரிசையைத் தப்பாமல் பிடித்துக்கொண்டு, அலகால் மண்ணைக் கிளறிப் பருப்பை எடுத்துக்கொண்டு போகிறது. செடிக்குச் செடி 10 செ.மீ., வரிசைக்கு வரிசை 30 செ.மீ. என்று விதைத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 33 செடிகள் நிற்க வேண்டும். ஒரு சென்ட் நிலத்தில் சுமார் 1,300 செடிகள். இதில் கால் பங்கு போனாலும் பின்னால் போடும் எந்த உரமும் அந்த நஷ்டத்தை ஈடு செய்யாது. மக்காச்சோளம் முளைவிடும் போதும், நாட்டுக்கோழி குஞ்சு பொரித்த வாரத்திலும் இதே கதைதான்.

பட்டணத்திலும் இந்தத் தொல்லை உண்டு. சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் மொட்டை மாடியில் தொட்டி வைத்துக் காய்கறி பயிரிடுவோர் ஏராளம். தக்காளி நிறம் திரும்பும் நாளில் காகம் குத்திவிடுகிறது. நட்ட நாற்றைப் பிடுங்கிப் போடுகிறது. தொட்டியில் போட்ட தென்னை நாரைக் கூடு கட்ட எடுத்துச் செல்கிறது.

ஆகவே கிராமத்து விவசாயியும் பட்டணத்து மாடித்தோட்டக்காரரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். காகத்தைச் சுட எந்தத் துப்பாக்கி நல்லது? என்ன அளவு ரவை போட வேண்டும்? பட்டணத்தில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வரும்போது ஓர் ஏர்கன் வாங்கி வரச் சொல்லலாமா என்று யோசிக்கிற தகப்பனார்களும் உண்டு. கேள்வி நியாயமானது. நஷ்டப்பட்டவன் வழி தேடத்தான் செய்வான். ஆனால் வாங்குமுன் சில விஷயங்களை நிதானமாகக் கணக்குப் பார்ப்பது நல்லது.

எந்தத் துளை, எந்த ரவை?

கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏர்கன்னின் குழல் துளை 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லி மீட்டர். இதில் போடும் ஈய ரவையின் எடை ஏறக்குறைய அரை கிராம். இந்தத் துளைக்கு மேற்படாமலும், ரவை குழலை விட்டு வெளியேறும்போது அதன் சக்தி 20 ஜூலுக்கு மேற்படாமலும் இருந்தால், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதற்கு மேற்பட்டதெல்லாம் உரிமத்துக்கு உட்பட்டது. 0.22 அங்குலத் துளையுள்ள ஏர்கன்னின் ரவை சுமார் ஒரு கிராம் இருக்கும். அதற்கு உரிமம் வேண்டும்.

வீட்டுக் காகம் கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடையுள்ள பறவை. உடம்பைவிட இறகே பெரிதாகத் தெரியும். அரை கிராம் ரவை தலையில் பட்டால்தான் அது உடனே சாகும். இறக்கையிலோ வயிற்றிலோ பட்டால் பறந்து போய்ப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலோ கிணற்றிலோ விழுந்து, இரண்டு நாள் துடித்துச் சாகும். சுட்டவருக்குக் காகம் போய்விட்டது என்ற எண்ணம். பக்கத்து வீட்டாருக்குக் குடிதண்ணீர் கெட்டுவிட்டது.

அப்படியானால் வலுவான துப்பாக்கி வாங்கலாமே என்று தோன்றும். அங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. வெடிமருந்தால் இயங்கும் 0.22 ரைபிளின் சிறு தோட்டாகூட, அண்ணாந்து சுட்டால் ஏறக்குறைய 2 கிலோ மீட்டருக்கு மேலும் போகக்கூடியது. மயிலாப்பூர் லஸ் முனையில் நின்று கிழக்கே சுட்டால், குறி தவறிய குண்டுக்குச் சாந்தோம் கடற்கரையைத் தாண்டும் வலிமை உண்டு. இடையில் எத்தனை மாடி, எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை தெரு என்று மயிலாப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காகம் உட்காருவதோ மரக்கிளையிலும் மாடிச் சுவரிலும். அதாவது, காகத்தைக் குறிபார்ப்பவர் எப்போதும் மேல்நோக்கியே சுடுகிறார். குண்டைத் தடுத்து நிறுத்த அதன் பின்னால் வானத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

12 போர் துப்பாக்கியின் சிதறு ரவைத் தோட்டா இவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் சிறு ரவைகள் 200 மீட்டர் வரை சிதறி விழும். அவ்வளவு தூரம் ஆள் நடமாட்டமில்லாத இடம் தியாகராய நகரில் எங்கே இருக்கிறது?

ஆகவே துளையளவு பற்றிய கேள்விக்கு நேரான பதில் இதுதான். காகத்தை நிச்சயமாகக் கொல்லும் துப்பாக்கி பட்டணத்தில் மனிதனையும் கொல்லும். வலு குறைந்த ஏர்கன் காகத்தை அரைகுறையாகக் காயப்படுத்தும். அதுவும் ஒரு குழந்தையின் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். கிராமத்தில் வெளி அதிகம் என்பது உண்மை. ஆனால் வரப்பில் களை எடுப்போரும் ஆடு மேய்ப்போரும் அந்த வெளியில்தான் இருக்கிறார்கள்.

சட்டம் மாறியிருக்கிறது

காகத்தைச் சுட்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்ற எண்ணம் பலருக்கு இன்னும் இருக்கிறது. ஒரு காலத்தில் அது ஓரளவு சரி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால் இவற்றோடு வீட்டுக் காகமும் தீங்குயிர் என்று சேர்க்கப்பட்டிருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இப்போது ஒரு பிராணியைத் தீங்குயிர் என்று குறிப்பிட்ட பகுதிக்கும் காலத்துக்கும் அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடம் உள்ளது. அப்படிப்பட்ட அறிவிப்பு இல்லாமல் காகத்தைச் சுடுகிறவர் அபராதத்துக்கும் சிறைத் தண்டனைக்கும் உள்ளாக நேரும். ஏர்கன் வாங்க உரிமம் தேவையில்லை என்பதால், அதைக் கொண்டு எதையும் சுடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், பயிர்ப் பாதுகாப்பு என்ற காரணத்தைச் சொல்லும் இடத்தில் குறிப்பிடுவது குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான், ரைபிளை அல்ல. அதுவும் முறையாக மனுச் செய்து உரிமம் பெற்ற பிறகே. ஒரு காகத்துக்காகப் போலீஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலையும் நிலை சிறு விவசாயிக்கு வேண்டாம்.

சுட்டுப் பார்த்தவர்கள் கண்ட பலன்

காகத்தைச் சுட்டுக் குறைக்கலாம் என்று நம்பி, அரசாங்கமே முனைந்து செய்து பார்த்த இடங்களும் உண்டு. நம்மவர் நிறைய வாழும் மலேசியாவின் கிள்ளான் பகுதிக்கு நமது வீட்டுக் காகம் தானாகப் போகவில்லை. காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று, 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இலங்கையிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள். காப்பி போய்விட்டது, காகம் பெருகிவிட்டது. பிற்காலத்தில் அதே ஊரில் துப்பாக்கிக்காரர்களைத் திரட்டிக் காகங்களைச் சுடச் செய்தார்கள். காகம் இன்றும் அங்கே இருக்கிறது.

சிங்கப்பூரில் பயிற்சி பெற்றவர்களை வைத்துப் பல ஆண்டுகள் சுட்டார்கள். எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனால் சுட்டது மட்டும் காரணமல்ல. குப்பைத் தொட்டிகளை மூடினார்கள். உணவுக் கடைகளின் மிச்சத்தை உடனுக்குடன் அகற்றினார்கள். கூடு கட்டும் மரங்களைக் கழித்தார்கள். குடியிருப்புகளுக்கு நடுவே சுடுவதிலுள்ள ஆபத்தை அவர்களும் உணர்ந்தார்கள். 2020இல் சுடுவதை நிறுத்திவிட்டு, பொறியையும் கூடு அகற்றுவதையும் குப்பைக் கட்டுப்பாட்டையும் நாடினார்கள். கென்யா நாடு 2024இல் பத்து லட்சம் காகங்களை ஒழிக்கப் போவதாக அறிவித்து, விஷத்தை நாடியது. அங்கே காகம் வெளியிலிருந்து வந்து உள்ளூர்ப் பறவைகளை அழிக்கும் அந்நியப் பறவை. இங்கே அது நம் மண்ணின் பறவை. அந்த வழி நமக்குப் பொருந்தாது.

நம் விவசாயிகளில் சிலர் சோற்றில் குருணை மருந்தைக் கலந்து வரப்பில் வைப்பதும் உண்டு. இதைவிடப் பெரிய தவறு இல்லை. அந்தச் சோற்றைக் காகம் மட்டும் தின்னாது. மயில் தின்னும், கோழி தின்னும், நாய் தின்னும். மயில் செத்தால் அது முதல் அட்டவணைக் குற்றம்.

காகத்தின் கணக்கு

காகம் விவசாயிக்கு நஷ்டம் மட்டும் செய்கிற பறவை அல்ல. ஏர் ஓட்டும்போது பின்னாலேயே நடந்து வரும் காகம் பொறுக்குவது என்ன என்று பார்த்தால் தெரியும். மண்ணோடு மேலே வரும் வேர்ப்புழு, கூட்டுப்புழு, வெட்டுக்கிளி, எலிக் குஞ்சு எல்லாம் அதற்கு ஆகாரம். கோடை உழவு செய்து, கடலையைத் தாக்கும் சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்களை வெளியே கொண்டு வாருங்கள், பறவைகள் தின்று தீர்க்கும் என்று வேளாண்மைத் துறை சிபாரிசு செய்வதும் இதனால்தான். மாசியில் பூச்சியைப் பொறுக்கும் காகமே ஆனியில் விதையைப் பொறுக்குகிறது. கூலி வாங்காத ஆளை ஆண்டு முழுதும் வேலை வாங்கிவிட்டு, பத்து நாள் தொல்லைக்காகக் கொல்வது சரியான கணக்காகாது. குயிலுக்கும் காகத்தின் கூடுதான் தொட்டில். காகக் கூட்டைக் கலைத்தால் குயில் குஞ்சும் சேர்ந்தே போகும்.

காகத்தின் புத்தியையும் குறைவாக மதிக்கக் கூடாது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சியில், தங்களைப் பிடித்தவர் அணிந்திருந்த முகமூடியை அந்நாட்டுக் காகங்கள் பல ஆண்டுகள் நினைவில் வைத்திருந்து கூட்டமாகக் கத்தியது தெரிய வந்தது. நம் ஊர்க் காகமும் சளைத்ததல்ல. துப்பாக்கியோடு ஆள் வந்தால் எட்டப் போய் உட்காரும். ஆள் சாப்பிடப் போனதும் இறங்கும்.

இங்கேதான் விஷயத்தின் மூலம் இருக்கிறது. விவசாயி துப்பாக்கி கேட்பது காகத்தின் மேலுள்ள கோபத்தால் மட்டுமல்ல. காவலுக்கு ஆள் கிடைக்காததால். முன்பு பரண் போட்டு, கவண் கல்லும் தகர டப்பாவுமாக ஆள் இருந்தது. இன்று பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். கூலி ஆள் கட்டுப்படியாகவில்லை. ஆனால் துப்பாக்கி தானாகச் சுடுவதில்லை. அதைப் பிடிக்கவும் ஓர் ஆள் வயலில் நிற்க வேண்டும். ஆள் நின்றாலே காகம் இறங்காது, துப்பாக்கி எதற்கு? ஆள் நிற்காவிட்டால், வீட்டு மூலையில் சாத்தி வைத்த துப்பாக்கியால் என்ன பயன்?

வயலில் செய்ய வேண்டியவை

காவல் எல்லா நாளும் தேவையில்லை. கடலைக்கு விதைத்ததிலிருந்து முளை வந்து இலை விரியும் வரை, சுமார் 10 முதல் 12 நாட்கள். மக்காச்சோளத்துக்கு முளைப்புக் காலமும் கதிர் பால் பிடிக்கும் காலமும். நாள் முழுதும் நிற்க வேண்டியதுமில்லை. விடிந்ததிலிருந்து இரண்டு மூன்று மணி நேரமும், பொழுது சாயுமுன் இரண்டு மணி நேரமும்தான் காகம் மும்முரமாக மேயும்.

பக்கத்து வயல்காரர்கள் கூடிப் பேசி, ஒரே வாரத்துக்குள் விதைத்தால் பாதி பிரச்சினை தீரும். ஊரில் ஒருவர் மட்டும் முன்னால் விதைத்தால் ஊர்க் காகம் அத்தனையும் அவர் வயலில்தான் இறங்கும். பத்துப் பேர் சேர்ந்து விதைத்தால் சேதமும் பத்தாகப் பிரியும். காவலும் முறை வைத்துப் பார்க்கலாம். பத்து நாள் காவல் ஒருவருக்கு ஒரு நாளாகிவிடும்.

விதையை 4 செ.மீ. ஆழத்தில் போட்டு மண்ணை நன்றாக மூட வேண்டும். விதைத்த அன்று வரப்பிலும் வயலிலும் சிந்திய பருப்பைப் பொறுக்கிவிட வேண்டும். காகத்துக்கு இடத்தைக் காட்டிக் கொடுப்பது அதுதான். முளைக்காத இடங்களில் பத்து நாளுக்குள் விதை ஊன்றிவிடலாம்.

ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளியுமாக மின்னும் நாடாவைக் குச்சிகளுக்கிடையே இரண்டு மூன்று முறுக்குக் கொடுத்துக் கட்டினால், காற்றில் விர்ரென்று சத்தமிட்டு வெயிலில் பளிச்சிடும். கறுப்புத் துணியைச் செத்த காகம் போல் செய்து தலைகீழாகத் தொங்கவிடுவதும் பயன் தரும். ஆனால் எந்த மிரட்டலும் ஒரே இடத்தில் இருந்தால் சில நாளில் காகம் அதைப் புரிந்துகொள்ளும். இரண்டு நாளுக்கொரு முறை இடம் மாற்ற வேண்டும். விதைப்பன்று கட்டி, முளை தெளிந்ததும் அவிழ்த்து வைத்தால் அடுத்த போகத்துக்கும் அது மிரட்டும்.

கோழிக் குஞ்சுகளை முதல் நாலைந்து வாரம் பஞ்சாரத்திலோ, மேலே வலை கட்டிய பட்டியிலோ விட்டுத் தீனியையும் அதற்குள்ளேயே வைக்க வேண்டும். வாசலில் தீனியை இறைத்தால் குஞ்சுக்கு முன்னால் காகம் வந்து நிற்கும்.

மாடித்தோட்டக்காரர்களுக்கு

மயிலாப்பூர் மாடிகளில் அமாவாசைக்கும் திதிக்கும் காகத்துக்குச் சோறு வைக்கிறார்கள். கணுப்பிடியன்று வண்ணச் சோறு வைக்கிறார்கள். நல்ல வழக்கம், யாரும் விட வேண்டியதில்லை. ஆனால் சோறு வைக்கும் மூலையும் தக்காளித் தொட்டியும் அருகருகே இருந்தால் காகம் இரண்டையும் விருந்தாகத்தான் எண்ணும். சோற்றை மாடியின் எதிர் மூலையில் வையுங்கள். காகம் தின்ற பிறகு மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

கோடையில் காகம் காயைக் குத்துவது பசியால் மட்டுமல்ல, தாகத்தாலும்தான். ஓர் அகலமான மண் சட்டியில் தண்ணீர் வைத்துத் தினமும் மாற்றினால் தக்காளியும் சொட்டுநீர்க் குழாயும் தப்பும். காய்க்கும் செடிகளுக்கு மேல் மூங்கிலோ குழாயோ கொண்டு சட்டம் கட்டி, ஓர் அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள நைலான் வலையை இறுக்கமாகப் போர்த்த வேண்டும். வலை தளர்ந்து தொங்கினால் அணிலும் சிட்டும் சிக்கிச் சாகும்.

அடையாறு, தியாகராய நகர்ப் பகுதிகளில் கல்யாண மண்டபத்து எச்சில் இலையும், மீன் கடை, இறைச்சிக் கடைக் கழிவும் திறந்து கிடக்கும் தெருக்களில் காகக் கூட்டத்தைப் பார்க்கலாம். அந்தத் தெருவில் ஒரு காகத்தைச் சுட்டால் அதன் இடத்துக்கு இன்னொன்று வரும். குப்பையை மூடினால் இரண்டும் வராது. இந்தப் பொறுப்பில் மாநகராட்சிக்கும் பங்குண்டு, குடியிருப்போருக்கும் பங்குண்டு.

செத்த காகத்தைத் தொடாதீர்கள்

2021 ஜனவரியில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காகங்கள் கூட்டமாகச் செத்தபோது பறவைக் காய்ச்சல் என்று உறுதியாயிற்று. அதே சமயம் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் பகுதி வாத்துகளிலும் நோய் கண்டது. ஆகவே காகங்கள் காரணம் தெரியாமல் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் எடுக்கக் கூடாது. கோழிகளை அந்தப் பக்கம் விடக் கூடாது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு உடனே சொல்ல வேண்டும். காகத்தைச் சுட்டு, அதைக் கையால் தூக்கி வயலில் கட்டித் தொங்கவிடும் பழக்கத்தை விட இதுவும் ஒரு காரணம்.

காகத்தால் வரும் நஷ்டம் பொய்யல்ல. அதைச் சொல்லும் விவசாயியைப் பார்த்துச் சிரிப்பதும், காகத்தைச் சுடாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதும் சரியல்ல. விதைப்புக்கு முன்பே கிராமத்தில் கூட்டம் கூட்டி, ஒரே வார விதைப்புக்கும் முறைக் காவலுக்கும் ஏற்பாடு செய்ய விரிவாக்கப் பணியாளர்கள் முன்வர வேண்டும். வேளாண்மை விரிவாக்க மையங்களில் விதையோடு மின்னும் நாடாவும் மானிய விலையில் கிடைக்கச் செய்தால், துப்பாக்கி பற்றிய கேள்வியே எழாது.

அடுத்த பட்டம் வருகிறது. துப்பாக்கிக்கு ஒதுக்கி வைத்த பணம் இருந்தால் அதில் பாதிக்கு நல்ல விதை வாங்குங்கள். மீதியில் நாடாவும் வலையும் வாங்குங்கள். பக்கத்து வயல்காரரோடு உட்கார்ந்து விதைக்கும் நாளைக் குறியுங்கள். பத்து நாள் காவல் காத்தால் கடலை வீடு வந்து சேரும்.